பஞ்சு இழையின் மோட்டார்: ஒளிரும் எதிர்ப்பொருள் தரும் சாட்சியம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எஸ்விபிஆர் என்று தொடங்கும் பருத்தி இரகங்கள் அந்த ஊரின் பெயரைத் தாங்கியவை. பக்கத்து ஊரான ராஜபாளையத்தில் பி. ஏ. சி. ராமசாமி ராஜா 1936இல் நூற்பாலை நிறுவனத்தைத் தொடங்கினார்; அதன் பிறகு அந்த ஊரின் வாழ்வு பஞ்சோடு பிணைந்தது. கரிசல் காட்டில் விதைப்பவரும் ஆலையில் நூற்பவரும் பஞ்சை எடைபோடும் முதல் அளவுகோல் இழையின் நீளமும் வலிமையும்தான். அந்த இழை ஒவ்வொன்றும் ஒரே ஒரு செல் என்பது தாவரவியல் தரும் வியப்பான உண்மை. பூ மலரும் நாளையொட்டிச் சூலின் வெளித்தோலில் உள்ள செல்களில் ஒரு பகுதி பிரிவதை நிறுத்திவிட்டு நீளத் தொடங்குகிறது. சில வாரங்களில் அது இரண்டு, மூன்று சென்டிமீட்டர் நீளமுள்ள இழையாகிறது. இந்த வளர்ச்சியை ஒழுங்குபடுத்தும் அமைப்போடு சேர்ந்து நிற்கும் ஒரு மோட்டார் புரதம், பருத்திச் செடியின் பிரியும் செல்களிலும் காணப்படுகிறது. அதை நமக்குக் காட்டியது ஒளிரும் எதிர்ப்பொருள். அத்தகைய எதிர்ப்பொருள் ஒரு புரதம் இருக்கும் இடத்தைச் சொல்லும். அதன் வேலையைச் சொல்லாது. இடத்தைப் பற்றிய அதன் சொல்லையும், எதிர்ப்பொருளே சோதனைக்கு உட்பட்டுத் தேறிய பிறகுதான் ஏற்கலாம். இந்த எல்லையை அறிந்து பயன்படுத்தினால், பருத்தி போன்ற பயிரில் செல் பிரிதலை ஆராய இதற்கு இணையான கருவிகள் குறைவு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

செல்லின் உள்ளே நுண்குழல்கள் என்ற நுண்ணிய புரதக் குழாய்கள் ஓடுகின்றன. செல் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் பிரித்தெடுக்கும் கதிர்கோல் இவற்றால் ஆனது. தாவரச் செல்லில் இவை இன்னும் இரண்டு வேலைகளைச் செய்கின்றன. பிரிதல் தொடங்கும் முன் செல்லின் விளிம்பில் ஒரு பட்டையாகக் கூடி, புதிய சுவர் வரப்போகும் இடத்தைக் குறிக்கின்றன. கடைசியில் ஃபிராக்மோபிளாஸ்ட் என்ற அமைப்பாகி, இரு மகவுச் செல்களுக்கு இடையே செல் தட்டைக் கட்டுவதற்கு வழிகாட்டுகின்றன. நுண்குழலுக்கு இரண்டு முனைகள் உண்டு. அவை வேதியியலில் வேறுபட்டவை. கைனசின் குடும்பத்து மோட்டார் புரதங்கள் ஏடிபியின் ஆற்றலைச் செலவிட்டு, ஒரு குறிப்பிட்ட முனையை நோக்கி நுண்குழல்மீது நகர்கின்றன. பெரும்பாலானவை வளரும் முனையான நேர்முனைக்குப் போகும். சில மட்டும் எதிர்முனைக்குப் போகும். 1996இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இந்திய வம்சாவளி அறிவியலாளர் ஏ. எஸ். என். ரெட்டியின் குழு அரபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் அபூர்வமான ஒரு கைனசினைக் கண்டறிந்தது. கால்சியத்தின் செய்தியைப் பெற்றுத் தரும் கால்மோடுலின் என்ற புரதம் அதோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் அதற்குக் கேசிபிபி என்று பெயரிட்டார்கள். கால்மோடுலின் பிணைக்கும் கைனசின் வகைப் புரதம் என்பது அதன் விரிவு. அது எதிர்முனை நோக்கி நகர்வது என்று மறு ஆண்டே ஆய்வகத்தில் உறுதியானது. கால்சியம் கூடும்போது கால்மோடுலின் வந்து ஒட்டினால், இந்த மோட்டார் நுண்குழலைப் பற்றும் வலிமையை இழக்கிறது. கால்சியத்தின் ஏற்ற இறக்கத்துக்கு நேரடியாகக் கட்டுப்படும் மோட்டார் ஒன்று தாவரத்தில் இருக்கிறது என்ற செய்தி அன்று புதியது.

ஒரு புரதத்தைக் கண்டறிந்தவுடன் எழும் அடுத்த கேள்வி, அது செல்லில் எங்கே இருக்கிறது என்பது. இதற்கான வழியை ஆல்பர்ட் கூன்ஸ் 1940களின் தொடக்கத்தில் ஹார்வர்டில் திறந்துவைத்தார்: ஒளிரும் வேதிப்பொருளை எதிர்ப்பொருளோடு பிணைத்து, அதன் ஒளியை நுண்ணோக்கியில் தேடுவது. இன்று பெரும்பாலும் இரண்டு படிகளில் இதைச் செய்கிறார்கள். முயலில் உருவாக்கிய முதல் எதிர்ப்பொருள் தேடும் புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. முயலின் எதிர்ப்பொருளை அடையாளம் காணும் இரண்டாவது எதிர்ப்பொருள் ஒளிரும் பொருளைச் சுமந்து வந்து அதன்மேல் ஒட்டுகிறது. ஃபுளோரசின் சாயமாக இருந்தால் நீல ஒளியை வாங்கிப் பச்சை ஒளியைத் தரும். நம் கல்லூரிகளில் தாவரவியல் மாணவர்கள் வெங்காய வேர்நுனியை அசிட்டோகார்மைனில் சாயமேற்றி நசுக்கிக் குரோமோசோம்களைப் பார்க்கிறார்கள். அந்தச் சாயம் குரோமோசோமைக் காட்டும். அதை இழுக்கும் கதிர்கோலையோ, கதிர்கோலில் இருக்கும் மோட்டாரையோ பெயர் சொல்லிக் காட்டாது. அந்த வேலையை எதிர்ப்பொருள் செய்கிறது. ஆனால் தாவரத்தில் அது எளிதல்ல. செல்லுலோஸ் சுவரை நொதிகளால் பதமாக இளக்கினால்தான் பெரிய மூலக்கூறான எதிர்ப்பொருள் உள்ளே நுழையும். இளக்கம் கூடினால் செல் குலையும். நிலைப்படுத்தும் முறை சற்றுப் பிசகினால் நுண்குழல்கள் கலைந்துபோகும். சுவரும் பசுங்கணிகமும் பருத்தியில் மிகுந்துள்ள ஃபீனால் பொருள்களும் எந்த எதிர்ப்பொருளும் இல்லாமல் தாமாகவே ஒளிரும். நுண்ணோக்கியில் பச்சை தெரிவதாலேயே அங்கே புரதம் இருக்கிறது என்று ஆகிவிடாது.

இத்தனை தடைகளுக்கு இடையிலும் கேசிபிபியைத் தேடிய ஆய்வுகள் ஒன்றோடொன்று பொருந்தும் முடிவுகளைத் தந்தன. ரெட்டியின் குழு 1997இல் அரபிடாப்சிஸ், புகையிலைச் செல்களில் எதிர்ப்பொருளைப் பயன்படுத்தியபோது, அந்தப் புரதம் பிரிதலுக்கு முந்திய பட்டையிலும், கதிர்கோலிலும், ஃபிராக்மோபிளாஸ்ட்டிலும் தெரிந்தது. அடுத்த ஆண்டில் ஹேமாந்தஸ் செடியின் முளைசூழ்தசைச் செல்களில், குரோமோசோம்கள் பிரிந்து செல்லும் கட்டத்தில் கதிர்கோலின் துருவங்களில் அது கூடியிருப்பது தெரிந்தது. அந்தச் செல்களுக்குச் சுவர் இல்லாததால் எதிர்ப்பொருள் தடையின்றி நுழையும். ஆகவே அந்தச் சான்றுக்குத் தனி மதிப்பு உண்டு. விலங்குச் செல்லில் இருப்பதுபோல நுண்குழல்களைத் துருவத்தில் கட்டிவைக்கும் சென்ட்ரோசோம் உயர் தாவரங்களில் இல்லை. எதிர்முனை நோக்கிப் போகும் மோட்டார் துருவத்தில் தென்படுவது, அது நுண்குழல் முனைகளை ஒன்றுசேர்க்கிறதோ என்ற நியாயமான ஊகத்துக்கு இடமளித்தது. 2003இல் பிரெயூஸ், டெல்மர், லியூ ஆகியோர் இந்தத் தேடலைப் பருத்திக்குக் கொண்டுவந்தார்கள். பஞ்சு இழையின் மரபணுத் தொகுப்பிலிருந்து பருத்தியின் கேசிபிபியைப் பிரித்தெடுத்து, எதிர்ப்பொருளால் தேடினார்கள். இழைச் செல்களில் அது விளிம்பு நுண்குழல்களின் மேல் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. பருத்தியின் பிரியும் செல்களில் உட்கருவிலும், பட்டையிலும், கதிர்கோலிலும், ஃபிராக்மோபிளாஸ்ட்டிலும் தெரிந்தது. பூத்த 10ஆம் நாளிலிருந்து 21ஆம் நாள் வரை இழையில் அதன் அளவு படிப்படியாகக் குறைந்தது. செல்லுலோஸ் நூல்கள் படியும் திசைக்கு நுண்குழல்கள் வழிகாட்டுகின்றன என்பதையும், இழை நீளும் காலம் முடிந்து சுவர் தடிக்கும் காலம் தொடங்குவது இந்த நாள்களையொட்டித்தான் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த முடிவு ஏன் முக்கியம் என்று விளங்கும்.

இதிலிருந்து இந்த மோட்டார் செல் பிரிதலை நடத்துகிறது என்ற முடிவுக்குத் தாவிவிடலாமா? கூடாது. நூற்பாலையின் ஸ்பின்னிங் பிரிவில் ஒருவர் நிற்பதைப் பார்த்தால், அவர் அங்கே இருக்கிறார் என்று மட்டுமே சொல்லலாம்; எந்திரத்தை ஓட்டுகிறாரா, பழுது பார்க்கிறாரா, வேலை முடிந்து நிற்கிறாரா என்பது அவர் விலகும்போது என்ன நின்றுபோகிறது என்பதிலிருந்துதான் தெரியும். ஒளிரும் எதிர்ப்பொருளின் படமும் அதுபோலத்தான். நிலைப்படுத்திய செல் இறந்த செல். அதில் நகரும் மோட்டாரும் ஒட்டியபடி சும்மா இருக்கும் மோட்டாரும் ஒரே ஒளியைத்தான் தரும். கால்மோடுலினால் அடங்கியிருக்கும் கேசிபிபிக்கும் முழு வேகத்தில் இயங்கும் கேசிபிபிக்கும் படத்தில் வேறுபாடு இராது. இதை உணர்ந்த ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் எதிர்ப்பொருளை வேறு விதமாகப் பயன்படுத்தினார்கள். வோஸ், சஃபாதி, ரெட்டி, ஹெப்லர் ஆகிய நால்வர் டிரடெஸ்கான்ஷியா செடியின் மகரந்தத்தாள் தூவிச் செல்களை எடுத்துக்கொண்டார்கள். கேசிபிபியில் கால்மோடுலின் ஒட்டும் பகுதியைப் பற்றும் எதிர்ப்பொருளை உயிருள்ள அந்தச் செல்களுக்குள் செலுத்தினார்கள். கால்மோடுலின் வந்து ஒட்ட இடமில்லாததால் மோட்டார் எப்போதும் இயங்கும் நிலையில் நின்றது. பிரிதலின் முதல் கட்டத்தின் இறுதியில் செலுத்தியபோது உட்கரு உறை சில நிமிடங்களிலேயே சிதைந்தது. செல் அடுத்த கட்டத்துக்குப் போனது, ஆனால் குரோமோசோம்கள் பிரியும் கட்டத்தை எட்டவில்லை. உறை சிதைந்த பிறகு செலுத்தியபோது ஃபிராக்மோபிளாஸ்ட் கோணலாக உருவானது. செல் தட்டு முடிவதும் தாமதமானது. இந்த மோட்டார் சில கட்டங்களில் இயங்கவும் சில கட்டங்களில் அடங்கவும் வேண்டும் என்பது இதன் பொருள். இருப்பிடப் படத்தை மட்டும் எத்தனை ஆண்டுகள் உற்றுப் பார்த்தாலும் இந்தச் செய்தி கிடைத்திருக்காது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழுகிறது. 1997இலேயே ஓப்பன்ஹைமரின் குழு அரபிடாப்சிஸின் ஸ்விகெல் என்ற மரபணு கேசிபிபியைக் குறிக்கும் மரபணுதான் என்று காட்டியிருந்தது. அந்த மரபணு பழுதான செடிகளில் இலைத் தூவிகளின் காம்பு குட்டையாகிறது, கிளைகள் குறைகின்றன. ஆனால் செடி வளர்கிறது, பூக்கிறது, விதை தருகிறது. செல் பிரிதலுக்கு இந்த மோட்டார் இன்றியமையாததாக இருந்திருந்தால் அந்தச் செடி முளைத்திருக்கவே முடியாது. அப்படியானால் பட்டையிலும் கதிர்கோலிலும் தெரிந்த ஒளி தற்செயலானதா, அல்லது பொய்யா? இந்த மறுப்பை ஒதுக்கிவிட முடியாது. நேராகப் பதில் சொல்ல வேண்டும். இரண்டு சோதனைகளும் இரண்டு வெவ்வேறு கேள்விகளைக் கேட்கின்றன என்பது முதல் பதில். மரபணு பழுதான செடி, இந்த மோட்டார் இல்லாமல் செல் பிரிய முடியுமா என்று கேட்கிறது. எதிர்ப்பொருளைச் செலுத்தும் சோதனை, இந்த மோட்டார் அடங்க வேண்டிய நேரத்தில் அடங்காவிட்டால் என்ன ஆகும் என்று கேட்கிறது. ஒரு வேலைக்காரர் இல்லாததைப் பிறர் ஈடுகட்டலாம். அவர் தவறான நேரத்தில் விடாமல் வேலை செய்வதை யாரும் ஈடுகட்ட முடியாது. இரண்டாவது பதில், ஈடுகட்டப் பிறர் நிறையவே இருக்கிறார்கள் என்பது. அரபிடாப்சிஸில் 61 கைனசின் மரபணுக்கள் உள்ளன. மனிதரில் 45 மட்டுமே. அந்த 61இல் எதிர்முனை நோக்கும் குடும்பம் மட்டுமே 21. ஒன்று போனால் இன்னொன்று கைகொடுக்கும் அமைப்பில், ஒன்றின் பழுதால் செடி சாகவில்லை என்பதை வைத்து அதற்கு வேலையே இல்லை என்று தீர்ப்பளிக்க முடியாது. பருத்தி ஆய்வுக்கு இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. பஞ்சு இழையும் இலைத் தூவியும் புறத்தோலிலிருந்து வளரும் ஒரே வகை உறுப்புகள். தூவியின் வடிவத்தைக் குலைக்கும் மரபணுக் குறை, பஞ்சு இழையில் அந்தப் புரதத்தைத் தேடத் தூண்டியது. அங்கே அது இருப்பதை எதிர்ப்பொருள் காட்டியது.

ஒளியே பொய்யாக இருக்கலாம் என்ற ஐயத்தையும் முழுமையாகவே எதிர்கொள்ள வேண்டும், ஏனெனில் அந்த ஐயத்துக்கு ஆதாரம் உண்டு. 2023இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், 65 மனிதப் புரதங்களுக்கு எதிராக விற்பனையில் இருந்த 614 எதிர்ப்பொருள்களை ஒரே முறையில் சோதித்தார்கள். தேடும் புரதம் இல்லாத செல்லையும் இருக்கும் செல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அவர்களின் முறை. இலக்கைப் பற்றாத எதிர்ப்பொருள்களும், இலக்கல்லாததைப் பற்றிய எதிர்ப்பொருள்களும் ஏராளமாக இருந்தன. அவற்றைப் பயன்படுத்தி வெளியான கட்டுரைகள் ஒவ்வொரு புரதத்துக்கும் சராசரியாக 12 அளவுக்கு இருந்தன. தாவரக் கைனசின்களில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். எல்லாக் கைனசின்களிலும் மோட்டார் பகுதியின் வரிசை ஒன்றுபோல இருக்கும். அந்தப் பகுதிக்கு எதிராக உருவாக்கிய எதிர்ப்பொருள் பத்துப் புரதங்களை ஒரே நேரத்தில் ஒளிரச் செய்யலாம். எஸ்விபிஆர் இரகங்கள் சேர்ந்த அமெரிக்கப் பருத்தி இனத்தில் 52 குரோமோசோம்கள். இரண்டு மூதாதை இனங்களின் மரபணுத் தொகுதிகள் ஒன்றாகச் சேர்ந்தவை. ஆகவே ஒரு மரபணுவுக்குப் பொதுவாக இரண்டு நெருங்கிய இணைகள் இருக்கும். சாதாரண எதிர்ப்பொருள் அவற்றைப் பிரித்தறியாது. கருங்கண்ணி போன்ற நாட்டுப் பருத்தியில் குரோமோசோம்கள் 26. அங்கே கணக்கு எளிது. ஒரு இனத்தில் தேறிய எதிர்ப்பொருள் மற்றொன்றிலும் தேறும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஒவ்வொரு இனத்திலும் புதிதாகச் சோதித்தாக வேண்டும்.

எதிர்ப்பொருளே தேவையில்லை, மரபணுவோடு பச்சை ஒளிர்புரதத்தை இணைத்துவிட்டால் போதும், உயிருள்ள செல்லிலேயே மோட்டார் நகர்வதைப் பார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். ஜிஎஃப்பி என்ற அந்த ஒளிர்புரதம் செல் உயிரியலை மாற்றியமைத்தது என்பதில் ஐயமில்லை. கேசிபிபியிலும் அது பெரிதும் உதவியது. 2015இல் வெளிவந்த ஆய்வொன்று, அரபிடாப்சிஸில் இந்தப் புரதம் பிரிதல் முழுவதும் புதிய சுவர் வரும் விளிம்பிடத்தில் தங்கியிருப்பதை உயிருள்ள செல்களில் காட்டியது. 1997இன் எதிர்ப்பொருள் படத்தில் பட்டையில் தெரிந்த ஒளிக்கு இப்படித் தனியாக ஒரு துணைச்சான்று கிடைத்தது. இருந்தும் அந்த வழி பருத்தியில் அவ்வளவு எளிதாக நடக்காது. திசு வளர்ப்பில் ஒரு பருத்திச் செல்லிலிருந்து முழுச் செடியை மீட்டெடுப்பது இரகத்தைப் பொறுத்தது. உலகெங்கும் பெரும்பாலும் கோக்கர் வகைப் பருத்தியைத்தான் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். அதிலும் மாதக்கணக்கில் காலம் பிடிக்கும். நம் கரிசலில் விளையும் இரகத்தில் ஒரு மோட்டார் எப்படி நடந்துகொள்கிறது என்பதை அறிய, கோக்கர் செடியில் கிடைக்கும் படம் நேரடியாகப் பயன்படாது. அதோடு, பெரிய ஒளிர்புரதத்தைச் சுமக்கும் மோட்டார் தன் இயல்பான அளவிலும் இயல்பான இடத்திலும் இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. எதிர்ப்பொருள் எந்த மரபணு மாற்றமும் செய்யாத செடியில், வயலில் பறித்த காயில், இயல்பான புரதத்தைத் தேடுகிறது. கோக்கரில் உயிருள்ள செல்லில் கிடைக்கும் அசைவுச் சான்றையும், நாட்டு இரகத்தில் எதிர்ப்பொருள் தரும் இருப்பிடச் சான்றையும் ஒன்றோடு ஒன்று ஒப்பிடுவதே முறையான வழி.

எளிய வசதிகள் உள்ள ஆய்வகங்களால் இவ்வளவு சோதனைகளைச் செய்ய முடியுமா என்ற கேள்வி நியாயமானது. பதிலும் நம்பிக்கை தருவதுதான். முதல் எதிர்ப்பொருளை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் போட்டுப் பார்க்கும் சோதனைக்குத் தனிச் செலவு இல்லை. தாமாக ஒளிரும் சுவரையும் சாயத்தின் தவறான ஒட்டுதலையும் அது காட்டிக்கொடுக்கும். ஊசி போடுவதற்கு முன் அதே முயலிலிருந்து எடுத்த சீரத்தை வைத்துச் செய்யும் ஒப்பீடும் எளிது. பருத்திச் சாற்றின் புரதங்களை அளவுவாரியாகப் பிரித்து, எதிர்ப்பொருள் எதிர்பார்த்த அளவில் ஒரே பட்டையைத் தருகிறதா என்று பார்க்கும் சோதனையை உயிர்த்தொழில்நுட்பம் கற்பிக்கும் கல்லூரிகளிலேயே செய்யலாம். எதிர்ப்பொருளை உருவாக்கப் பயன்பட்ட புரதத் துண்டை முன்கூட்டியே கலந்து ஒளி மறைகிறதா என்று பார்ப்பதும் வழக்கம். ஆனால் எதிர்ப்பொருள் தன் துண்டைப் பற்றுகிறது என்பதைத் தாண்டி அது எதையும் நிரூபிக்காது. அந்தத் துண்டை ஒத்த பகுதி வேறு புரதத்தில் இருந்தால் அந்த ஒளியும் சேர்ந்தே மறையும். ஆகவே தீர்மானமான சோதனை, புரதமே குறைந்த செல்லில் ஒளியும் குறைகிறதா என்பதுதான். பருத்தியில் இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. தீங்கு குறைந்த புகையிலை ராட்டில் வைரஸில் மரபணுத் துண்டைப் பொருத்தி, இளஞ்செடியில் அந்த மரபணுவை அமைதியாக்கும் முறை பருத்தி ஆய்வில் பரவலாகப் பயன்படுகிறது. அதற்கு முழுச் செடியைத் திசு வளர்ப்பில் மீட்டெடுக்க வேண்டியதில்லை. சில வாரங்களில் முடிவு தெரியும். உயிரிப் பாதுகாப்பு அனுமதியும் பயிற்சியும் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் விலை கூடிய எதிர்ப்பொருளை வாங்கி, சோதிக்காமல் படம் எடுத்து வெளியிடுவதைவிட இதுவே சிக்கனம். ஏனெனில் நம்ப முடியாத படத்துக்குச் செலவழித்த பணம் முழுதும் வீண்.

வயலில் நிற்கும் உழவருக்கு இதனால் என்ன பயன் என்ற கேள்வியும் வரும். நாளையே இழையை நீட்டித் தரும் மருந்து இதிலிருந்து வரும் என்று சொல்வது ஏமாற்று. மனிதச் செல்லின் ஒரு மோட்டார் இதற்குச் சான்று. 1999இல் 16,320 சேர்மங்களைச் சல்லடையிட்டு மொனாஸ்ட்ரோல் என்ற பொருளைக் கண்டறிந்தார்கள். ஈஜி5 என்ற கைனசினை அது நிறுத்தினால், இரு துருவக் கதிர்கோலுக்குப் பதில் ஒற்றைத் துருவமே உருவாகும். புற்றுநோய்க்குப் புதிய மருந்து கிடைத்தது என்று அதிலிருந்து பெரும் எதிர்பார்ப்பு எழுந்தது. ஆனால் அந்த வழியில் வந்த மருந்துகள் நோயாளிகளிடம் எதிர்பார்த்த அளவுக்குப் பலன் தரவில்லை. ஈஜி5 நின்றால் கிஃப்15 என்ற இன்னொரு கைனசின் அதன் இடத்தை நிரப்ப முடியும் என்பது பின்னர் ஆய்வகத்தில் தெரிந்தது. ஒரு மோட்டாரை அதன் கூட்டாளிகளோடு சேர்த்துப் புரிந்துகொள்ளாமல் பயனை நோக்கி விரைந்தால் நேர்வது இதுதான். பருத்தியில் எந்தச் செல் பிரிதலை நிறுத்தி இழையாகிறது, எந்த நாளில் நீட்டம் நின்று சுவர் தடிக்கிறது என்பவை இழையின் நீளத்தோடும் வலிமையோடும் பிணைந்த கேள்விகள். நீண்ட இழை தரும் இரகத்திலும் குட்டை இழை தரும் இரகத்திலும் ஒரே மோட்டாரின் இடத்தையும் அளவையும் நாள்வாரியாக ஒப்பிட்டால், இரகத் தேர்வுக்கு உதவும் அறிவு அதிலிருந்து வளரும். அந்த ஒப்பீட்டுக்குப் பலவகைப் பருத்தியை வளர்த்து நாள் கணக்கு வைத்துக் காய் பறிக்கும் வேளாண் நிலையமும், நுண்ணோக்கியும் மூலக்கூறு அறிவும் உள்ள பல்கலைக்கழகமும் சேர வேண்டும். பருத்தி நிலையம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. உயர்கல்வி நிறுவனங்கள் கிருஷ்ணன்கோவிலிலும் மதுரையிலும் இருக்கின்றன. தூரம் தடையாக இல்லாத இடத்தில் கூட்டு முயற்சிக்குத் தேவைப்படுவது திட்டமிடல்தான்.

அந்தத் திட்டம் எதிர்ப்பொருளை உருவாக்கும் விதத்திலிருந்தே தொடங்க வேண்டும். முயலின் சீரம் தீர்ந்துபோகும். அடுத்த முயல் தரும் சீரம் முந்தியதைப் போல இராது. 1975இல் கோஹ்லரும் மில்ஸ்டைனும் கண்ட ஒற்றை மரபு எதிர்ப்பொருள் முறை இந்தச் சிக்கலைக் குறைத்தது. எதிர்ப்பொருளின் மரபணு வரிசையைக் கண்டறிந்து செல்களில் உற்பத்தி செய்யும் இன்றைய முறை அதைப் பெருமளவு தீர்த்துவிடுகிறது. மேலே சொன்ன 2023ஆம் ஆண்டின் ஆய்விலும் வரிசை தெரிந்த எதிர்ப்பொருள்களே சராசரியில் மற்ற வகைகளைவிட நன்றாகத் தேறின. வரிசை வெளியிடப்பட்ட எதிர்ப்பொருளை எந்த ஆய்வகமும் எந்த ஆண்டிலும் மறுபடி உருவாக்கிப் பழைய படத்தைச் சரிபார்க்கலாம். பருத்தியின் கேசிபிபியில் மற்ற கைனசின்களோடு ஒவ்வாத பகுதியைத் தேர்ந்து, அதற்கு எதிராக அத்தகைய ஓர் எதிர்ப்பொருளை உருவாக்கி, அமெரிக்கப் பருத்தியிலும் நாட்டுப் பருத்தியிலும், மரபணு அமைதியாக்கிய செடியிலும் ஆக்காத செடியிலும் சோதித்து, தோற்ற சோதனைகளையும் சேர்த்து வெளியிட்டால், அது நாட்டின் பருத்தி ஆய்வகங்கள் அனைத்துக்கும் பொதுச்சொத்தாகும். இதுவரை கண்ட சான்றுகள் எல்லாம் ஒரே திசையில்தான் நிற்கின்றன: எதிர்ப்பொருளின் ஒளி, பழுதான மரபணு, அடங்காத மோட்டார், உயிருள்ள செல்லின் படம் ஆகிய நான்கும் தனித்தனியே குறைபட்டவை, சேர்ந்தபோதுதான் கேசிபிபி செல் பிரிதலில் எங்கே நிற்கிறது, எப்போது அடங்க வேண்டும் என்பது தெளிவானது. எனவே ஒளிரும் படத்தைக் கொண்ட ஆய்வுத்தாள் கைக்கு வந்தால், படத்தின் அழகைப் பார்ப்பதற்கு முன், அந்தப் புரதம் இல்லாத செல்லில் ஒளி மறைந்ததா என்று கேட்பதை நம் மாணவர்களுக்கு முதலில் கற்பிக்க வேண்டும்.